எல்.இ.டி. விளக்குத் தொழிற்சாலை: முதல் முதலீடு எதில் செல்ல வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மின்விளக்குகளை மொத்தமாக வாங்கிச் சில்லறைக் கடைகளுக்கும் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கும் விநியோகிக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். விற்ற விளக்குகள் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே பழுதாகித் திரும்பி வரும்போது, அவற்றைத் தயாரித்தவர்களிடமிருந்து மாற்று விளக்கு கிடைக்கிறதே தவிர, ஏன் பழுதானது என்ற விளக்கம் ஒருபோதும் கிடைத்ததில்லை. நாமே தயாரித்தால் தரம் நம் கையில் இருக்கும் என்ற எண்ணம் மெல்ல வளர்ந்து இப்போது உறுதியான முடிவாகிவிட்டது. இடம் இருக்கிறது, மின் இணைப்பையும் தேவைக்கேற்பப் பெற்றுக்கொள்ளலாம். மின்னணுவியலில் பட்டயப் படிப்பு முடித்த இருவர் என்னுடன் சேர ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இயந்திர விற்பனையாளர்கள் சிலரை அணுகினேன். சுற்றுப் பலகையில் சாலிடர் பேஸ்டை (பற்றுவைக்கும் உலோகப் பசையை) பூசும் ஸ்டென்சில் பிரிண்டர், அதன் மேல் எல்.இ.டி.களை எடுத்து வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் இயந்திரம், பேஸ்டை உருக்கி ஒட்டவைக்கும் ரீஃப்ளோ ஓவன் ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக விலை கூறி, இவை வந்து இறங்கிவிட்டால் உற்பத்தியைத் தொடங்கிவிடலாம் என்று அனைவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்தத் தொகுப்பை வாங்கினால் என் கைவசமுள்ள முதலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பல்பு, டியூப் லைட், டவுன்லைட் (உள்கூரையில் பதிக்கும் விளக்கு), தெருவிளக்கு ஆகிய நான்கையும் ஒரே கூரையின் கீழ் தயாரிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எல்.இ.டி. சிப்பையே நாம் தயாரிக்க இயலுமா, வாங்கித்தான் ஆக வேண்டுமா? எந்தப் பொருளில் தொடங்குவது? இருக்கும் முதலை முதலில் எதில் போடுவது? இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1

வணக்கம் ஐயா. விளக்கு உற்பத்திப் பிரிவுகளை அமைத்துக் கொடுக்கும் பணியில் நீண்ட காலமாக இருக்கிறேன்; அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

சிப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில் மூன்று நிலைகளாக இருக்கிறது. முதல் நிலையில், சபையர் தகட்டின் மீது காலியம் நைட்ரைடு படலங்களை அடுக்கடுக்காக வளர்த்துச் சிப்புகளை உருவாக்கும் ஆலைகள் உள்ளன. பிரகாசமான நீல எல்.இ.டி. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் கைகூடிய பிறகே வெள்ளொளி விளக்குகளுக்கு வழி பிறந்தது; அதற்கு அடித்தளமிட்ட அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரண்டாம் நிலையில், அந்தச் சிப்பைச் சிறு சட்டகத்தில் ஒட்டி, தலைமயிரைவிட மெல்லிய கம்பியால் இணைத்து, நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் கலந்த சிலிக்கோனை மேலே வார்த்து, நாம் ரீலில் (நாடாவில் வரிசையாகச் சுற்றி) வாங்கும் எல்.இ.டி.யாக ஆக்குகிறார்கள். மூன்றாம் நிலைதான் விளக்கு தயாரிப்பு. முதல் இரண்டு நிலைகளுக்கும் தூய அறைகளும் மிகப் பெரிய முதலும் தேவை. புதிதாக வருபவர் அவற்றை எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. தாங்கள் நுழையப்போவது மூன்றாம் நிலை.

நான்கு பொருள்களையும் ஒருசேரத் தொடங்குவது அகலக்கால் வைப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து. நான்கும் வெளிப்பார்வைக்கு ஒரே தொழிலாகத் தெரிந்தாலும், உள்ளே வெவ்வேறு தொழில்கள். பல்பில் விலைப்போட்டி கடுமையானது. ஊசிவார்ப்பு அச்சுகளும் உலோகத் தொப்பியைப் பல்பில் அழுத்திப் பொருத்தும் கேப் பஞ்சிங் இயந்திரமும் நிறைய எண்ணிக்கையும் இல்லாமல் அது கட்டுப்படியாகாது. டியூப் லைட்டுக்கு 1.2 மீட்டர் நீளச் சுற்றுப் பலகையைக் கையாளும் தனி வகை இயந்திரம் வேண்டும். தெருவிளக்கில் மழை, தூசி, மின்னல் எழுச்சி, லென்ஸ் அமைப்பு, கம்பத்தில் ஏறி மாற்றும் செலவு என்று பொறுப்புகள் அதிகம். டவுன்லைட்டில், மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் பெரும்பாலும் தனிப் பெட்டியாக வெளியே இருக்கும். வெப்பம் வெளியேற அலுமினிய உடல் இருக்கும். டிரைவர் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஒப்பந்தக்காரர்களிடம் தங்களுக்கு ஏற்கெனவே தொடர்பு இருப்பதால், இரண்டு அல்லது மூன்று வாட் அளவுகளில் டவுன்லைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது என்பேன்.

அடுத்து, முதலை எதில் போடுவது என்ற கேள்வி. இயந்திரத் தொகுப்பை இப்போது வாங்க வேண்டாம். அலுமினியப் பலகையில் எல்.இ.டி.யைப் பொருத்திக் கொடுக்கும் வேலையைக் கூலிக்குச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தொடக்கத்தில் அவர்களிடம் கொடுத்து வாங்கலாம். அந்தப் பணம் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: நல்ல எல்.இ.டி.யும் நல்ல டிரைவரும் வாங்குவதற்கு, சோதனைக் கருவிகளுக்கு, நடைமுறை மூலதனத்துக்கு. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரீல்களுக்கும் டிரைவருக்கும் முன்பணம் கொடுத்து, சரக்கு வந்து சேரும் வரை காத்திருந்து, விளக்கைத் தயாரித்து, கடனுக்கு விற்று, பணம் திரும்பி வரும் வரை தொழிற்சாலை ஓட வேண்டும். இயந்திரம் புத்தம் புதிதாக நின்றுகொண்டிருக்க, ரீல் வாங்கப் பணமில்லாமல் உற்பத்தி நின்றுபோன இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

விளக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது வெப்பம். ஒரு விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாகவே மாறுகிறது. இழைப் பல்பு வெப்பத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும், எல்.இ.டி. அப்படி வீசுவதில்லை. சிப்பில் பிறக்கும் வெப்பம் சாலிடர் வழியாகப் பலகைக்கும், பலகையிலிருந்து வெப்பப் பசை வழியாக அலுமினிய உடலுக்கும், அங்கிருந்து காற்றுக்கும் கடத்தப்பட வேண்டும். இந்தப் பாதையில் எங்கே தடை இருந்தாலும் சிப் சூடேறும்.

இதைக் கண்டறியப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. மாதிரி விளக்கில் எல்.இ.டி.யின் சாலிடர் முனைக்கு அருகே வெப்பநிலையை உணரும் மெல்லிய கே-வகை தெர்மோகப்பிள் கம்பியை ஒட்டி, விளக்கை அது உண்மையில் பொருத்தப்படும் நிலையிலேயே, அதாவது மேலே காற்றோட்டமில்லாத மூடிய உள்கூரைப் பெட்டியில் வைத்து, வெப்பநிலை ஏறுவது நிற்கும் வரை எரியவிட்டு அளக்க வேண்டும். மேசை மீது திறந்தவெளியில் அளந்தால் கிடைக்கும் எண் மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் வாடிக்கையாளரின் கூரைக்குள் நடப்பதை அது காட்டாது. பலகையை உடலோடு இணைக்கும் திருகுகளில் ஒன்றைத் தளர்த்திவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பணியாளர், அதன்பின் எந்தத் திருகையும் அரைகுறையாக விடமாட்டார்.

பதில் 2

முன்னவர் கூறியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் பலகையில் எல்.இ.டி. பொருத்தும் வேலையை வெளியே கொடுப்பது பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. நான் அந்த இயந்திர வரிசையிலேயே பணியாற்றுபவன். விளக்கின் தரம் கெடும் இடங்களில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

முதலாவது ஈரம். நடுத்தரத் திறன் எல்.இ.டி.களில் பல, ஈர உணர்திறனில் மூன்றாம் நிலையைச் சேர்ந்தவை. காற்றுப்புகா உறையைப் பிரித்த பின், 30 டிகிரி செல்சியசுக்கும் 60 விழுக்காடு ஈரப்பதத்துக்கும் மேற்படாத அறையில் 168 மணி நேரத்துக்குள் அவற்றைப் பொருத்தி முடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். அந்த நேரம் கடந்த ரீலை, தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில் உலர்த்தாமல் ஓவனுக்குள் விட்டால், உள்ளே புகுந்த ஈரம் ஆவியாகி விரிந்து சிலிக்கோனைச் சட்டகத்திலிருந்து பிரித்துவிடும். விளக்கு அன்று எரியும். சில மாதங்கள் கழித்து மினுக்கத் தொடங்கும். கூலிக்குச் செய்பவரிடம் பலருடைய ரீல்கள் பாதி பாதியாகக் கிடக்கும். தங்கள் ரீல் எப்போது பிரிக்கப்பட்டது என்பதை யார் குறித்து வைப்பார்கள்?

இரண்டாவது, கையாளும் முறை. எல்.இ.டி.யின் மேற்பரப்பில் உள்ள சிலிக்கோன் மென்மையானது. பிக் அண்ட் பிளேஸ் இயந்திரத்தில் எல்.இ.டி.யை உறிஞ்சிப் பிடிக்கும் முனையான நாசில், அந்தச் சிலிக்கோனை அழுத்தாமல் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்பில் மட்டும் படும் அளவில் இருக்க வேண்டும். வேறு உறுப்புக்குப் பயன்படுத்திய சிறிய நாசிலை மாற்றாமல் ஓட்டினால், சிலிக்கோனுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி நசுங்கும். பொருத்திய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்புவதும் இதே கேட்டைத்தான் செய்யும். இடுக்கியால் எல்.இ.டி.யின் நடுப்பகுதியைப் பிடிக்கக் கூடாது என்பதையும், நிலைமின் பாதுகாப்புக்கான மணிக்கட்டுப் பட்டையைத் தரையிணைப்போடு மாட்டியிருக்க வேண்டும் என்பதையும் நம் பணியாளருக்கு நாம் பழக்கலாம். பிறர் பணியாளருக்குப் பழக்க முடியாது.

மூன்றாவது சாலிடர். வெள்ளி 3 விழுக்காடும் செம்பு 0.5 விழுக்காடும் கலந்த, ஈயமில்லாத வெள்ளீயக் கலவை சுமார் 217 டிகிரியில் உருகத் தொடங்கும். விலையைக் குறைப்பதற்காக 138 டிகிரியில் உருகும் வெள்ளீயம்-பிஸ்மத் கலவையை விளக்குப் பலகைகளில் பயன்படுத்துபவர்கள் உண்டு. அது எளிதில் நொறுங்கும் தன்மையுள்ளது. விளக்கை ஏற்றி அணைக்கும்போதெல்லாம் பலகை விரிந்து சுருங்குவதால், நாளடைவில் இணைப்பில் விரிசல் விழும். எல்.இ.டி.கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஓர் இணைப்பு விட்டாலும் அந்த வரிசை முழுவதும் இருண்டுவிடும். எந்தச் சாலிடர் பேஸ்ட் பயன்படுத்தப்பட்டது என்பதைப் பொருத்தி முடித்த பலகையைப் பார்த்து மட்டும் எளிதில் சொல்லிவிட முடியாது. பேஸ்ட் டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பதும், பயன்படுத்துவதற்குச் சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே மூடியைத் திறப்பதும் சிறிய ஒழுங்குகள்தான். ஆனால் குளிர்ந்த டப்பாவை அவசரத்தில் திறந்தால் பேஸ்டில் நீர் கோத்து, ஓவனுக்குள் அது தெறித்து, சாலிடர் மணிகளாகச் சிதறும்.

ஆகவே, வேகமான பெரிய இயந்திரம் வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் மெதுவாக ஓடும் சிறிய வரிசை ஒன்றையேனும் சொந்தமாக வைத்துக்கொள்வதே தரத்துக்கு வழி. அவ்வாறு முடியாத காலம் வரை, வெளியே கொடுத்தாலும் தங்கள் ஆள் ஒருவர் அந்த வரிசையின் அருகே நின்று, பேஸ்டின் பெயரையும் ரீல் பிரித்த நேரத்தையும் ஓவனின் வெப்பநிலை வரைபடத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். இதற்கு மறுப்புச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டவுன்லைட்டில் மட்டும் தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். இயந்திரத் தொகுப்பைத் தள்ளிவைத்து, பலகை வேலையை வெளியே கொடுத்து, இரண்டாமவர் சொன்னபடி பட்டயம் படித்தவரில் ஒருவரை அங்கேயே நிறுத்தப் போகிறேன்.

இப்போது வேறொரு குழப்பம். எல்.இ.டி. விற்பவர்களும் டிரைவர் விற்பவர்களும் தங்கள் பொருள் 50,000 மணி நேரம் உழைக்கும் என்று தாளில் அச்சிட்டே தருகிறார்கள். விலை மட்டும் ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபடுகிறது. இந்தக் கூற்றுகளை எப்படிச் சரிபார்ப்பது? சோதனைக் கருவி என்று பொதுவாகச் சொன்னீர்களே, எவையெல்லாம் நம்மிடமே இருக்க வேண்டும், எவற்றை வெளி ஆய்வகத்திடம் விடலாம்?

பதில் 3

விளக்குகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். 50,000 மணி என்ற எண்ணை எங்களிடம் வரும் ஏறத்தாழ எல்லா உறைகளிலும் காண்கிறோம். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்த முடியாது. அது எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எல்.இ.டி.யின் ஆயுள் என்பது பெரும்பாலும் அதன் ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறையும் வரையிலான காலம். இதை மதிப்பிட எல்.எம். 80 என்ற சோதனை முறை உள்ளது. குறிப்பிட்ட வெப்பநிலைகளிலும் குறிப்பிட்ட மின்னோட்டத்திலும் எல்.இ.டி.களைக் குறைந்தது 6,000 மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, ஒளி குறைவதைப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவிலிருந்து வருங்காலத்தைக் கணிக்கும் முறை டி.எம். 21. இதில் ஒரு வரம்பு உண்டு: மாதிரிகள் 20 அல்லது அதற்கு மேல் இருந்தால்கூட, சோதித்த காலத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் கணித்துச் சொல்லக் கூடாது. எனவே 6,000 மணி நேரம் மட்டுமே சோதித்தவர் 36,000 மணிக்கு மேல் கோர முடியாது; 50,000 என்று சொல்ல வேண்டுமானால் அவர் 8,300 மணிக்குச் சற்று மேலாகச் சோதித்திருக்க வேண்டும். ஆகவே விற்பவரிடம் எல்.எம். 80 அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியவுடன் முடிவுரையைப் படிக்காமல், சோதித்த மொத்த மணி நேரம், சோதனை மின்னோட்டம், சாலிடர் முனையின் வெப்பநிலை, அறிக்கையில் உள்ள பொருள் எண் ஆகிய நான்கையும் பாருங்கள். 60 மில்லிஆம்பியரில் சோதித்த எல்.இ.டி.யைத் தாங்கள் 150 மில்லிஆம்பியரில் ஓட்டினால் அந்த அறிக்கை தங்களுக்கு உதவாது. அதிலுள்ள எண்ணும் ரீலில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால் அது வேறு யாருடைய பொருளுக்கோ எழுதப்பட்டது.

டிரைவரின் கதை வேறு. பெரும்பாலான டிரைவர்களில் முதலில் களைத்துப்போவது, மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். அதன் மேலுறையில் வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கும். அந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பது தயாரிப்பாளரின் தரவுத்தாளில் இருக்கும். வெப்பநிலை 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது இத்துறையில் பரவலாகக் கையாளப்படும் கணக்கு. 105 டிகிரியில் 10,000 மணி உழைக்கும் கெப்பாசிட்டர், டிரைவர் பெட்டிக்குள் 85 டிகிரியில் இருந்தால் சுமார் 40,000 மணி தாங்கும். அதே இடத்தில் 2,000 மணி வகையைப் போட்டால் 8,000 மணிதான். நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரியும் கடையில் அது இரண்டாண்டுகூட நிறையாது. இரண்டு டிரைவர்களும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், விலை வேறுபாட்டின் பெரும்பங்கு உள்ளே இந்த ஓர் உறுப்பிலும், மின் எழுச்சியைத் தாங்கும் வாரிஸ்டரும் இரைச்சல் வடிகட்டியும் இருக்கின்றனவா இல்லையா என்பதிலும்தான் இருக்கும். ஆகவே விலைப்பட்டியலைப் படிப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். மாதிரியாக வந்ததைத் திறந்தால் போதாது. ஒவ்வொரு சரக்கிலும் சிலவற்றைத் திறந்து, முதல் மாதிரியின் புகைப்படத்தோடு ஒப்பிட வேண்டும். மாதிரியில் இருந்த உறுப்பு மூன்றாம் சரக்கில் மாறியிருப்பது இந்தத் தொழிலில் அரிதன்று.

தொழிற்சாலையிலேயே இருக்க வேண்டிய கருவிகள் என்று என்னைக் கேட்டால், மின்திறன் அளவி, விரும்பிய மின்னழுத்தத்தைத் தரும் மாறுதிசை மூலம், உயர் மின்னழுத்தச் சோதனைக் கருவி, 500 வோல்ட் நேர்திசை மின்னழுத்தத்தில் காப்புத்தடையை அளக்கும் கருவி, தரையிணைப்புத் தொடர்ச்சியை அளக்கும் கருவி, பல புள்ளிகளில் வெப்பநிலையைப் பதியும் கருவி, விளக்குகளை வரிசையாக மாட்டி எரியவிடும் ஏஜிங் ரேக் ஆகியவற்றைச் சொல்வேன். மின் பாதுகாப்புச் சோதனைகளை மாதிரிக்குச் செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. வெளியே போகும் ஒவ்வொரு விளக்கும் அவற்றைக் கடந்தே போக வேண்டும். உலோக உடலுள்ள டவுன்லைட்டில் ஒரு கம்பி நசுங்கி உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால், தொடுபவரின் உயிருக்கே கேடு. ஏஜிங் ரேக்கில் விளக்குகளைச் சில மணி நேரம் எரியவிடும்போது, இடையிடையே அணைத்து ஏற்றுவதும், மின்னழுத்தத்தை அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் மாற்றிப் பார்ப்பதும் அவசியம். சரியாக உருகாத சாலிடர் இணைப்புகளை அது வெளிக்கொணர்ந்துவிடும்.

ஒளியை அளக்கும் கோளம் தொடக்கத்திலேயே வேண்டுமா என்பதில் இரு கருத்துகள் உள்ளன. டவுன்லைட் மட்டும் செய்வதானால் நடுத்தர அளவுக் கோளம் போதும், அதை வாங்கும் வரை, விளக்கின் ஒளியையும் மின்திறனையும் அளக்கும் எல்.எம். 79 முறைப்படி அளந்து தரும் ஆய்வகத்தை நாடலாம். பின்னாளில் டியூப் லைட் எண்ணம் இருந்தால் இப்போதே ஒன்றைக் கவனியுங்கள்: நீண்ட விளக்கின் நீளம் கோளத்தின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே 1.2 மீட்டர் டியூபுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் கோளம் தேவைப்படும். அதற்கான கூரை உயரமும் கதவு அகலமும் கட்டடத்தில் இருந்தாக வேண்டும்.

நிறம் பற்றியும் ஒரு சொல். ஒரே வண்ண வெப்பநிலை (வெள்ளொளியின் சாயலைக் குறிக்கும் அளவு) என்று விற்கப்படும் ரீல்களுக்குள்ளும் சிறு நிறப் பிரிவுகள் உண்டு. ரீலின் சீட்டில் அதற்கான குறி இருக்கும். 4,000 கெல்வின் என்று மட்டும் கேட்டு வாங்கினால், ஒரே கூடத்தில் பொருத்திய விளக்குகளில் ஒன்று சற்றுப் பச்சையாகவும் மற்றொன்று சற்று இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஒப்பந்தக்காரர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். வாங்கும் ஆணையிலேயே நிறப் பிரிவைக் குறிப்பிட்டு, ஒரு கட்டடத்துக்கான விளக்குகளை ஒரே பிரிவு ரீல்களிலிருந்து செய்து, விளக்கின் முதுகில் தொகுதி எண்ணை அழியாத மையில் அச்சிடுங்கள். அந்த எண்ணைக் கொண்டு எல்.இ.டி. ரீல், டிரைவர் சரக்கு, பேஸ்ட், தயாரித்த நாள் ஆகியவற்றை ஏட்டில் தேடி எடுக்க முடிய வேண்டும்.

சான்றிதழுக்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும், பலவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி.யும் அதன் பிரிவான சிஸ்பரும் வெளியிடும் தரநிலைகளில், விளக்குப் பொருத்தியின் பாதுகாப்புக்கு ஐ.இ.சி. 60598, டிரைவரின் பாதுகாப்புக்கு ஐ.இ.சி. 61347-2-13, கண்ணுக்கும் தோலுக்கும் ஒளியால் வரும் தீங்குக்கு ஐ.இ.சி. 62471, மின்னோட்டத்தின் அலைவடிவைக் கெடுக்கும் ஹார்மோனிக் மின்னோட்டத்துக்கு ஐ.இ.சி. 61000-3-2, வானொலி இடையூறுக்கு சிஸ்பர் 15 ஆகியவற்றைப் படிக்கலாம். விளக்கின் உடலுக்கான அச்சு வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தோடு ஆய்வகத்துக்கு வாருங்கள். மின்கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையே சில மில்லிமீட்டர் கூட்ட வேண்டும் என்று அச்சு வெட்டிய பிறகு தெரிந்தால் முதலுக்கே மோசமாகிவிடும்.

பதில் 4

மூன்று பதில்களிலும் தொடப்படாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். திரும்பி வரும் விளக்குகளைப் பிரித்துக் காரணம் கண்டறிவதே என் வேலை. குளியலறைகளுக்காக நீர்புகாத வகை டவுன்லைட் வேண்டுமென்று தங்கள் ஒப்பந்தக்காரர்கள் விரைவில் கேட்பார்கள். இருக்கும் விளக்கில் ரப்பர் வளையத்தையும் பசையையும் சேர்த்து மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும்.

எல்.இ.டி.யின் சிலிக்கோனை வாயுக்கள் எளிதில் ஊடுருவும். மூடிய விளக்குக்குள் பசை, ரப்பர் வளையம், கம்பியின் உறை, வண்ணப்பூச்சு போன்றவற்றிலிருந்து வெளிவரும் கரிம ஆவிகள் சிலிக்கோனுக்குள் புகுந்து, சிப்பின் வெப்பத்தாலும் நீல ஒளியாலும் சிதைந்து, சிப்பின் மேல் பழுப்பாகப் படியும். சில வாரங்களிலேயே ஒளி பெருமளவு குறைந்துவிடும். அப்படி வந்த ஒரு சரக்கை நான் பிரித்தபோது, எல்லா எல்.இ.டி.களும் நடுவில் தேயிலைக் கறை போல நிறம் மாறியிருந்தன. மூடியைக் கழற்றித் திறந்த காற்றில் மேசை மீது எரியவிட்டபோது, நாள்கள் செல்லச் செல்லக் கறை மங்கி ஒளி பெரும்பாலும் மீண்டது. காற்றோட்டம் கிடைத்தால் அந்த ஆவிகள் வெளியேறிவிடும் என்பதால்தான் அப்படி நடந்தது. எல்.இ.டி.யில் குறையில்லை, டிரைவரில் குறையில்லை; விளிம்பில் தடவிய பசையை மட்டும் இடையில் மலிவானதாக மாற்றியிருந்தார்கள்.

கந்தகம் இன்னொரு வகைக் கேடு. சில ரப்பர் வளையங்கள் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தப்பட்டவை. சில அட்டைப் பெட்டிகளிலும் கந்தகம் இருக்கும். எல்.இ.டி.யின் அடிச்சட்டகத்தில் உள்ள வெள்ளிப் பூச்சு கந்தகத்தோடு வினைபுரிந்து கறுத்துவிடும். காற்றில் வைத்தாலும் இந்தக் கறுப்பு மீளாது. பழுப்பு மீள்கிறதா, கறுப்பு மீளாமல் நிற்கிறதா என்பதைப் பார்த்தே பல நேரங்களில் காரணத்தை ஊகித்துவிடலாம்.

அடுத்து, இறுக மூடுவதாலேயே நீர் புகாது என்று நினைக்க வேண்டாம். எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியேறுகிறது. அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி, ஈரக் காற்றை மிக நுண்ணிய இடைவெளி வழியாகவும் உள்ளே இழுக்கிறது. நாள்தோறும் இது நடந்தால் ஒளியைப் பரப்பும் மூடியான டிஃப்யூசரின் உட்புறம் துளிகள் கோக்கும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு கொண்ட சிறு துவாரம் ஒன்றை உடலில் வைப்பது இதற்கு நல்ல தீர்வு. மேலே சொன்ன ஆவிகளும் ஓரளவு அதன் வழியே வெளியேறும். தெருவிளக்குக்கு என்றேனும் செல்வீர்களானால் இது கட்டாயம் தேவைப்படும்.

பசை, வளையம், கம்பி, பூச்சு என விளக்குக்குள் போகும் எந்தப் பொருளையும், எல்.இ.டி. தயாரிப்பாளர் வெளியிடும் ஒவ்வாத வேதிப்பொருள் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள். அதற்கு மேலும் ஐயம் இருந்தால், எரியும் எல்.இ.டி. ஒன்றை அந்தப் பொருளின் சிறு துண்டோடு சேர்த்துக் கண்ணாடிப் புட்டியில் காற்றுப் புகாமல் அடைத்து, துண்டு இல்லாத மற்றொரு புட்டியையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சில வாரங்கள் தொடர்ந்து எரியவிடுங்கள். இரண்டு எல்.இ.டி.களும் ஒரே ரீலைச் சேர்ந்தவையாகவும் ஒரே மின்னோட்டத்தில் ஓடுபவையாகவும் இருக்க வேண்டும். முதல் புட்டியில் நிறமோ ஒளியோ மாறினால் அந்தப் பொருளை வாங்க வேண்டாம். விற்பவர் பசையின் கலவையை மாற்றியதாகச் சொன்னால், பெயர் பழையதாக இருந்தாலும் சோதனையை மீண்டும் முதலிலிருந்து செய்யுங்கள்.